ரொந்தாவில் குடியேறி அறிந்த கரிக்குழிகளின் கதை

தெற்கு வேல்ஸின் ரொந்தா பள்ளத்தாக்குக்கு வேலைக்காகக் குடிவந்த புதிதில் எனக்கு ஊரின் அமைப்பே பிடிபடவில்லை. மலைச்சரிவு நெடுக ஒன்றோடொன்று ஒட்டிய கல் வீடுகள். கடையிலிருந்து அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஏறினால் மூச்சு வாங்கும். சமதரையே இல்லாத இடத்தில் இத்தனை வீடுகளை யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள்? பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். எல்லாம் நிலக்கரிக்காகத்தான் என்று சொல்லி, அன்றைக்கே பாதிக் கதையைச் சொல்லிவிட்டார். மீதியை நானே தேடிப் படித்தேன்.

நான் இருப்பது போர்த்தில். ரயிலில் அடுத்த நிலையம் தினாஸ். அங்கேதான் 1809-இல் வால்டர் காஃபின் என்பவர் மலைச்சரிவைக் குடைந்து கரி எடுக்கத் தொடங்கினார். அவருடைய குடும்பத்துக்கு பிரிட்ஜெண்டில் தோல் பதனிடும் தொழில். 1812-இல் அவர் இறக்கிய குழிதான் ரொந்தாவின் முதல் ஆழ்சுரங்கம். ஆனால் கரியை வெட்டுவதைவிட வெளியே கொண்டுபோவதுதான் பெரும்பாடு. பாதையே சரியில்லாத பள்ளத்தாக்கு இது. குதிரைகள் இழுக்கும் டிராம் தடம் ஒன்றைப் போட்டு, கீழே ஏற்கெனவே இருந்த இன்னொரு தடத்தோடு இணைத்து, பான்டிப்ரித் பக்கம் கால்வாய்க்குக் கொண்டுபோனார். அங்கிருந்து படகில் கார்டிஃப் துறைமுகம். அப்புறம் 1841-இல் டாஃப் வேல் ரயில்வேயின் கிளை தினாஸ் வரை வந்தது. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க நான் கார்டிஃப் போகும் ரயில் இன்றைக்கும் அந்த வழியில்தான் ஓடுகிறது.

போர்த்தை ஒட்டியே இருக்கிறது கம்மர். அங்கே இன்சோல் குடும்பத்தாரின் சுரங்கத்தில் 1856 ஜூலை 15 அன்று வாயு வெடித்து 114 பேர் இறந்தார்கள். உள்ளே காற்றோட்டம் போதாது. வாயு தேங்கும் இடத்திலேயே திறந்த சுடரை வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். இறந்தவர்களில் சிறுவர்கள் பலர். பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்று 1842-லேயே சட்டம் வந்துவிட்டது. அதாவது பத்து வயதானால் இறங்கலாம்! காற்றுப் போக்குக்கான கதவைத் திறந்து மூட, இருட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது இந்தப் பிள்ளைகளின் வேலை. என் மகனுக்கு இப்போது பத்து வயது. இதைப் படித்த அன்று என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. சுரங்க மேலாளர் உட்பட சிலர் மீது வழக்கு நடந்தது, எல்லோரும் விடுதலையானார்கள். இத்தனை காலம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

தினாஸில் கிடைத்தது, இரும்பு உலைகளில் எரிக்கும் ‘கோக்’ என்ற எரிபொருளைத் தயாரிக்க ஏற்ற கரி. கப்பல்களுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் வேண்டிய நீராவிக் கரி பள்ளத்தாக்கின் மேல்கோடியில், இன்னும் ஆழத்தில் இருந்தது. ட்ரெஹெர்பர்ட்டிலிருந்து 1855-இல் அது முதன்முதலாகக் கார்டிஃப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு கூட்டம் குவிந்தது. 1851-இல் ஆயிரம் பேர்கூட இல்லாத ரொந்தாவில் 1911-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். வேல்ஸின் கிராமங்களிலிருந்தும், இங்கிலாந்தின் சாமர்செட், டெவன் பக்கங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். எங்கள் தெருவில் பேச்சுக்கொடுத்தால், தாத்தாவின் அப்பா எங்கிருந்து வந்தார் என்று எவராவது சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். நான் எந்த ஊர் என்று கேட்பதும் அதே தொனியில்தான். அதனாலேயே இங்கே எனக்குச் சீக்கிரம் ஒட்டிவிட்டது.

ரொந்தாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. உள்ளே இறங்கியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்தப் பக்கம் குடிவருகிறவர்கள் ட்ரெஹாவடில் பழைய லூயிஸ் மெர்தர் சுரங்கத்தை அருங்காட்சியகமாக்கியிருப்பதைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். தெருவில் பழைய சுரங்கத் தொழிலாளி யாராவது இருந்தால், முதலில் அவரிடம் பேசிவிட்டுப் போவது இன்னும் நல்லது.