ஜேசிபி அள்ளிப்போன தள்ளுவண்டியை மீட்ட கதை

வண்டி வந்துவிட்டது. ஒரு சக்கரம் கோணல், அடுப்பு இன்னும் வரவில்லை. வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் அம்மா போட்டிருந்த டிபன் கடையை ஆக்கிரமிப்பு என்று சொல்லி அள்ளிக்கொண்டு போனார்கள். எடுத்தது சரியா தப்பா என்ற பஞ்சாயத்து இப்போது வேண்டாம்.

எடுத்தது யார் என்பதே முதல் சிக்கல். ரோட்டுக்குப் பொறுப்பான ஆபீஸில் ‘இடத்தைக் காலி பண்ணச் சொன்னதோட சரி, பொருள் எங்ககிட்ட இல்ல’ என்றார்கள், உள்ளாட்சி ஆபீஸில் ‘அது ஹைவேஸ் இடமாச்சே’ என்றார்கள், போலீஸைக் கேட்டால் பந்தோபஸ்துக்கு மட்டும்தான் வந்தோம் என்று கையை விரித்துவிட்டார்கள். பக்கத்து பஞ்சர் கடை அண்ணன் செல்லில் வீடியோ எடுத்து வைத்திருந்தார், அதில் லாரி நம்பர் தெளிவாகத் தெரிந்தது. அதைக் காட்டிய பிறகுதான் உள்ளாட்சி கிளார்க் வாயைத் திறந்தார். திறந்து கேட்டது, ‘லிஸ்ட் எங்க?’

பொருளை எடுக்கும்போதே பட்டியல் போட்டு நகல் தர வேண்டியது அவர்கள். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம், பிரிவு 19, அதைத்தான் சொல்கிறது. கெடாத பொருளாக இருந்தால் உரிமை கோரி மனு கொடுத்த இரண்டு வேலை நாளில் கட்டணம் வாங்கிக்கொண்டு விட வேண்டும், கெட்டுப்போகிற பொருள் என்றால் அன்றைக்கே. (சொந்தக் கடைக்கு முன்னால் நீட்டிய ஷீட்டுக்கும் போர்டுக்கும் இது உதவாது, தெருவோர வியாபாரிக்கு மட்டும்.) அந்தப் பிரிவை பிரிண்ட் எடுத்து, அம்மாவின் வியாபாரி அட்டை நகலோடு மனு கொடுத்தேன். ‘வெச்சிட்டுப் போங்க’ என்றார், முத்திரை போட மறுத்தார். சரி என்று அதே மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் கொடுத்து ரசீது வாங்கினேன். அப்புறம் அதே கிளார்க்கே போன் பண்ணி, ‘ஏன் தம்பி, நேரா என்கிட்டயே வந்திருக்கலாமே’ என்றார் பாருங்கள்!

பணம் கட்டியது, ரசீது வாங்கியதெல்லாம் சட்டென்று முடிந்தது. ஆனால் அள்ளிய பொருளைப் போட்டு வைத்திருக்கும் யார்டுக்குக் குட்டி யானை (சின்ன லோடு வண்டி) நாம்தான் பிடித்துப் போக வேண்டும், அவர்கள் கொண்டுவந்து தர மாட்டார்கள். சிலிண்டரைத் தனியாக வேறு இடத்தில் வைத்திருப்பார்கள், அதனால் கனெக்‌ஷன் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். தோசைக்கல்லைக் காணவில்லை என்று தேடினால், வாட்ச்மேன் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருக்கிறார்! ‘இன்னா தம்பி, அது உன்னுதா?’ என்று கேட்டபடியே எடுத்துக் கொடுத்தார், பாவம், நல்ல மனுஷன்.

‘அனைத்துப் பொருட்களையும் சரியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாள் ஒன்றை நீட்டுவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நான் ‘அனைத்து’ என்பதை அடித்து, ‘அடுப்பு 1 வரவில்லை, சக்கரம் சேதம்’ என்று எழுதி, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் போட்டேன். கிளார்க்குக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும், அடுப்புக்கு அடுத்த மனு அந்தத் தாளை வைத்துத்தான்.