போடலாம்

அன்று நான் சொன்ன பதிலில் தவறு இல்லை. அது சிஸ்டர் கேட்ட கேள்விக்கான பதில்தானா என்பதில்தான் இன்னும் சந்தேகம்.

சனிக்கிழமை இரவு போன கரண்ட் திங்கட்கிழமை காலைதான் வந்தது. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியான ஐ.எல்.ஆர், இருக்க வேண்டிய 8 டிகிரியைத் தாண்டியிருந்தது. எம்.ஆர், அதாவது தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக் குப்பிகளின் மூடியில், பட்ட சூட்டைக் காட்டும் வி.வி.எம் அடையாளம் இருக்கும், ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும். அந்தச் சதுரம் லேசாகக் கறுத்திருந்தது. இந்த ஒரு தடவைக்கு மட்டும் அவ்வளவு கறுக்காது. எங்கெங்கோ பட்ட சூட்டையெல்லாம் சேர்த்துத்தான் அது காட்டும். வட்டத்தைவிட இன்னும் வெளுப்பாகவே இருந்தது. அதாவது இரண்டாம் நிலை, இன்னும் போடலாம்.

"கொஞ்சம் வீரியம் போயிருக்கும்ல சார்?"

"போடலாம் சிஸ்டர். புதன்கிழமைக்கு இதையே முதல்ல எடுத்துட்டுப் போங்க."

அவர் கேட்டது எவ்வளவு போனது என்று. நான் சொன்னது போடலாமா கூடாதா என்று.

போயிருக்கும்தான். தடுப்பூசிப் பொடியில் உயிரோடு இருக்கும் உலர்ந்த தட்டம்மைக் கிருமி சூட்டில் ஒரேயடியாகச் சாவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. செத்தது, திரும்பக் குளிரில் வைத்தால் பிழைக்காது. இதெல்லாம் தெரிந்துதான் தயாரிக்கும்போதே கூடுதலாக வைக்கிறார்கள். 37 டிகிரியில் ஒரு வாரம் வைத்த பிறகும் ஒரு டோஸில் 1,000 உயிருள்ள கிருமியாவது இருக்க வேண்டும், இழப்பு பத்து மடங்கைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அப்படியென்றால் பத்தில் ஒன்பது பங்கு செத்தாலும் தேறிவிடலாம். எனக்கு இது ஆறுதலான கணக்கு. ஊசியைக் கையில் எடுக்கப்போகிறவரிடம் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிப் போடுவார், அம்மாக்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் சொல்லவில்லை.

இந்தக் காரணம் பிறகு நான் தேடிக்கொண்டதோ என்னவோ. பொடியைக் கரைப்பானில் கலக்கி நான்கு மணி நேரம் ஆனால், மிச்சம் எத்தனை டோஸ் இருந்தாலும் யோசிக்காமல் தள்ளிவைப்பவர் அவர். பொடியாக இருக்கும்வரை நாள் கணக்கு, கலக்கினால் மணிக் கணக்கு, வி.வி.எம்மும் மூடியோடு போய்விடும். சூட்டைப் பற்றி அவருக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது?

விதி இருப்பதே ஒவ்வொரு குப்பிக்கும் நாம் யோசிக்காமல் இருக்கத்தான் என்றார் டாக்டர். சரிதான். இன்னொரு தடவை யாராவது கேட்டாலும் "போடலாம்" என்றுதான் சொல்வேன். "ஆமாம், கொஞ்சம் போயிருக்கும்" என்பதையும் சேர்த்துச் சொல்வேனா? கேட்பவரைப் பொறுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்று கேட்டவரைவிட அதைக் கேட்கத் தகுதியானவர் யார் என்று யோசித்தால் ஒருவரும் தோன்றவில்லை.