யார் பேரை வாசித்தான்?

அக்கா மகன் ஆங்கில தினப் போட்டிக்காக, ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் வரும் போர்க்களப் பேச்சை மனப்பாடம் செய்கிறான். ஒரு வாரமாக எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஒரே முழக்கம். நேற்று அவனை நிறுத்தி, கத்தாதே, இது கத்துகிற பேச்சே இல்லை என்றேன்.

1415 ஒக்டோபர் 25, கிரிஸ்பின் என்ற புனிதரின் திருநாள். இடம் பிரான்ஸின் அகின்கோர்ட். எதிரே பிரெஞ்சுப் படை, நாடகக் கணக்கில் ஒருவனுக்கு ஐந்து பேர். இன்னும் பத்தாயிரம் பேர் இருந்தால் நல்லது என்று ஒரு பிரபு ஏங்க, ஆங்கில அரசன் ஹென்றி அதைப் பிடித்துக்கொண்டு கணக்கையே திருப்பிப் போடுகிறான்: ஆள் குறைந்தால் ஆளுக்குக் கிடைக்கும் பெருமை கூடும். பயந்தவன் போகலாம், வழிச்செலவுக்குக் காசும் தருகிறேன் என்கிறான். அத்தனை பேர் பார்க்க எவன் எழுந்து போவான்?

அப்புறம் வருவதுதான் எனக்கு உயிரான இடம். சண்டையை அவன் வர்ணிப்பதே இல்லை. ஒரே தாவாகப் பல வருடம் கழித்துப் போய்விடுகிறான். ஒரு கிழவன் அயலாருக்கு விருந்து வைத்து, சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டி, இது கிரிஸ்பின் நாளில் பட்டது என்கிறான். தழும்பு இருந்தால் ஆள் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம்! கேட்கிற ஒவ்வொருவனும் அந்தக் கிழவனாகத் தன்னையே பார்த்துக்கொள்வான், சாவு நினைவுக்கே வராது. கிரிஸ்பின் செருப்புத் தைப்பவர்களின் காவல் புனிதர் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம்.

தேயிலை மலையிலிருந்து வந்த அம்மா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துக்கொண்டே, என்னடா சொல்றான் அந்த ராசா என்று கேட்டார். தமிழில் சொன்னேன். என்னோடு ரத்தம் சிந்துகிறவன் எவ்வளவு கீழானவனாக இருந்தாலும் என் சகோதரன் என்கிறான், நம் பேரெல்லாம் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் என்கிறான் என்றேன்.

"யார் யார் பேரை வாசிச்சான்?"

அரசன், பெட்ஃபோர்ட், எக்ஸெட்டர், வாரிக், டால்பட், சாலிஸ்பரி, குளொஸ்டர். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அத்தனையும் அரசனும் பெரிய இடத்து ஆட்களும்தான். சிப்பாய் ஒருவன் பேர்கூட இல்லை. தழும்பு அவனுக்கு, பேர் அவர்களுக்கு.

அம்மாவுக்கு அது உடனே பிடிபட்டதில் ஆச்சரியமில்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து வளர்ந்தவர். எங்கள் தோட்டங்களில் நாள் சம்பளத்துக்கே பேர் என்றுதான் சொல்வோம், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழும்.

சண்டை முடிந்த பிறகு வரும் காட்சியையும் எடுத்து வாசித்துக் காட்டினேன். இறந்த ஆங்கிலேயர் பட்டியலை அதே அரசன் வாசிக்கிறான். நாலே நாலு பேர், அதில் ஒருவர் டியூக், ஒருவர் ஏர்ல். பேருள்ளவர் வேறு யாருமில்லை, மற்றவர்கள் இருபத்தைந்து என்று முடித்துவிடுகிறான். காலையில் சகோதரன், மாலையில் எண்ணிக்கை. ஷேக்ஸ்பியர் இரண்டையும் ஒரே நாடகத்தில் வைத்திருக்கிறார். அதனால் அந்தப் பேச்சின் அழகு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை, இப்போது வாசித்தால் நெஞ்சு இன்னும் கனக்கிறது.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த இருபத்தஞ்சு பேருக்கும் வீடு வாசல் இருந்திருக்கும்தானே என்றார்.

போட்டி அடுத்த கிழமை. பையன் இப்போது தழும்பு வரி வரும்போது குரலை இறக்கி, தன் பாடசாலைச் சட்டையின் கையை மெதுவாகச் சுருட்டுகிறான்.