பழைய அலுமினியப் படகும் 31 வெண்கட்டி வட்டங்களும்

மட்டக்களப்பு வாவியில் அலுமினியப் படகைக் காண்பது அரிது. கரை நெடுகிலும் மரத்தோணிகளும் பைபர் படகுகளுமே கிடக்கின்றன. அவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஒவ்வொரு துறையிலும் பத்துப் பேராவது இருப்பார்கள். அதனால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒருவர் 14 அடி நீளமான அலுமினியப் படகொன்றை 15 குதிரைவலு இயந்திரத்துடன் 340,000 ரூபாவுக்கு விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆசையும் குழப்பமும் ஒருங்கே வந்தன. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆரையம்பதிப் பக்கத்தில் வாவிக்கரையோரம் வீடு. பிறருடைய தோணியில் தொற்றிக்கொண்டு தூண்டில் போடப் போய் வந்த எனக்குச் சொந்தமாகச் சிறிய படகொன்று வேண்டும் என்பது பல வருட விருப்பம்.

என் மனைவியின் சிறிய தந்தையார் ஐம்பது வருடங்களுக்கு மேல் வாவியிலும் கடலிலும் தொழில் செய்தவர். நான் மாமா என்று கூப்பிடும் அவரையும் அழைத்துக்கொண்டு மண்முனைப் பாலத்தால் அக்கரைக்குப் போனேன். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. பழைய துறையைத் தாண்டும்போதெல்லாம் மாமா அந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவதற்காக ஒரு விடுதி வரவழைத்த அந்தப் படகு, இரண்டு கைகள் மாறி இப்போதைய உரிமையாளரிடம் வந்திருந்தது. மேற்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சிவப்பு என்று புதிதாகப் பூசியிருந்தார்கள். நான் பூச்சின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா படகைத் தொடாமலேயே, “இதை எங்க வெச்சிருந்தீங்க தம்பி?” என்று கேட்டார். “தண்ணியிலதான் ஐயா, ரெண்டு வருசமா இந்தத் தாழையிலதான் கட்டிக் கிடக்கு” என்றார் விற்பவர். மாமா தலையை ஆட்டினாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியின் பெறுமதி எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுத் தோல் ஒன்று படர்வதால் இரும்பைப் போல அது சிவந்து உதிர்வதில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தத் தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள ஒட்சிசன் வேண்டும். சேறும் அழுகிய இலையும் உப்புத் தண்ணீரும் ஓரிடத்தில் தேங்கி நிற்கும்போது அந்த இடத்தில் தோல் உடைந்து, உலோகம் ஊசித் துளைகளாக அரிக்கப்படுகிறது. செம்பு, பித்தளை, ஈயம் ஆகியவை உப்பு நீரில் அதனோடு தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும்; அங்கே கரைந்து போவது எப்போதும் அலுமினியமே. எங்கள் வாவி இதற்கு ஏற்ற இடம். மாரியில் முகத்துவாரம் வெட்டுண்டு வெள்ளம் வடியும் காலத்தில் தண்ணீர் ஏறக்குறைய நன்னீராக இருந்தாலும், ஆண்டின் மற்றைய காலங்களில் அது உவர்நீர்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு உட்பக்கத்துத் தளப்பலகைகளைக் கழற்றச் சொன்னேன். விற்பவர் சிறிது தயங்கினார், ஆனாலும் கழற்றினார். கீழே கறுத்த இலைச் சேறு, அதற்குள் வலையிலிருந்து கழன்ற ஏழெட்டு ஈயக்குண்டுகள், ஒரு பித்தளைத் திருகாணி. குண்டுகள் கிடந்த இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பொடியைச் சுரண்டி, தையல் ஊசியின் முனையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பெரும்பாலான குழிகளில் ஊசி உடனே தடைப்பட்டது. இரண்டில் மட்டும் தகட்டின் பாதித் தடிப்புக்கு மேல் இறங்கியது. தண்ணீர் வடிக்கும் துளையின் மூடி பித்தளை. அதைச் சுற்றியும் அதே வெள்ளைப் பூ. அடிப்பக்கத்தில் பூசிய சிவப்பு மையின் வெறுந்தகரம் கொட்டிலில் கிடந்தது. பாசி பிடிக்காமல் இருப்பதற்காகச் செம்பு சேர்த்துச் செய்த மை அது. பைபருக்கும் மரத்துக்கும் அதனால் கெடுதி இல்லை, அலுமினியத்துக்கு மட்டும் ஆகாது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்ததாக நான் செய்த சோதனையைத்தான் யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன். படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒழுக்குப் பார்த்தால், உள்ளே நனைந்த இடம் தெரியுமே தவிர, தகடுகளைப் பொருத்தியிருக்கும் ஆணிகளில் எதனால் தண்ணீர் வருகிறது என்பது தெரியாது. அதற்கு மாறாக, படகைக் கரையில் தென்னங்குற்றிகளின் மேல் ஏற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் விளிம்புவரை நிரப்பிவிடக் கூடாது. அரை அடி உயரத்துக்கு ஊற்றினாலே இந்த அளவுப் படகில் ஏறக்குறைய 600 லீற்றர் பிடிக்கும். அதன் பாரம் 600 கிலோ என்பதால், நடு முதுகெலும்பின் கீழ் நெருக்கமாகக் குற்றிகள் வைக்காவிட்டால் நல்ல படகும் நெளிந்துவிடும். நாங்கள் ஐந்து குற்றிகள் வைத்தோம். விற்பவரின் மகன் தண்ணீர்ப் பம்பியைப் பூட்டினான். நான் பழக்க தோஷத்தால் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு கீழே குனிந்தேன்.

முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அதன் பிறகு படகின் முன்பகுதியான அணியத்தின் பக்கம் ஓர் ஆணியின் தலையில் முத்துப்போலத் துளி திரண்டது. பின்னர் வரிசையாக, குறிப்பாக நடு இருக்கைக்குக் கீழும் பின்பக்கத்து விளிம்பிலும், ஒவ்வொன்றாக வியர்க்கத் தொடங்கின. நான் வட்டமிட்டுக்கொண்டே போனேன். ஒரு மணித்தியாலம் கழித்து எண்ணியபோது 31 வட்டங்கள். அவற்றுள் சொட்டுச் சொட்டாக விழுந்தவை ஆறு. ஏனையவை ஈரமாக மட்டும் இருந்தன. ஊசி ஆழமாக இறங்கிய இரண்டு குழிகளும் கசியவில்லை. விற்பவர் முகம் வாடிவிட்டது. எனக்கோ ஒருவகை ஆறுதலாக இருந்தது. ஏனெனில் அதுவரை படகு முழுவதையும் சந்தேகித்துக்கொண்டிருந்த நான், இப்போது 31 இடங்களை மட்டும் சந்தேகித்தால் போதும்.

இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையின் நிலை அவ்வளவு நல்லதல்ல. வெளியே அலுமினியத் தகடு மூடியிருந்தாலும் உள்ளே இருப்பது பிளைவூட். திருகாணிச் சாவியின் பிடியால் தட்டிக்கொண்டு போனபோது மேற்பாதியில் ‘டக் டக்’ என்று கேட்ட ஒலி கீழ்ப்பாதியில் மண்சுவரைத் தட்டியது போல மங்கியது. மாமா இயந்திரத்தின் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினார். பலகை விரலளவு அசைந்தது. உக்கிய பலகையோடு ஓடினால் ஒருநாள் இயந்திரம் பலகையையும் கொண்டு வாவிக்குள் போய்விடும். இருக்கைகளுக்குள் அடைத்திருந்த மிதவைப் பஞ்சையும் பார்த்தேன். படகு கவிழ்ந்தாலும் தாழாமல் இருப்பதற்காக வைக்கப்படும் அந்தப் பஞ்சு, காலப்போக்கில் தண்ணீரைக் குடித்து வெறும் பாரமாகிவிடுவதுண்டு. இதில் பின் இருக்கையினுடையது மட்டும் ஊறியிருந்தது.

இயந்திரத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவர் மறுநாள் வந்து இரண்டு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்தார். ஒன்று 110, மற்றது 84. இரண்டுக்கும் இடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்றார். கியர் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வடிந்தது. அப்படியென்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. இவை போதாதென்று அது 20 அங்குல நீளக் கால் உள்ள இயந்திரம். பின்பலகையோ 15 அங்குலக் காலுக்கு உரியது. கோல் ஊன்றித் தள்ளக்கூடிய ஆழமே பல இடங்களில் உள்ள எங்கள் வாவியில், அந்த ஐந்து அங்குலம் சேற்றை உழுதுகொண்டே வரும். இயந்திரம் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எஞ்சியிருந்தது, இதை இங்கே யார் திருத்துவார் என்ற கேள்வி. பைபர் படகு உடைந்தால் எந்தத் துறையிலும் பிசினும் கண்ணாடியிழைப் பாயும் கொண்டு ஒட்டுவதற்கு இளைஞர்கள் இருக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் உதவியாக வந்து குவிந்த பைபர் படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்தன. அவற்றைத் திருத்தித் திருத்தியே பலர் கை தேர்ந்தார்கள். அலுமினியத்துக்கு அப்படி யாரும் இல்லை. நகரத்தில் வெல்டிங் செய்யும் ஒருவர் எல்லாக் கசிவுகளையும் ஒட்டித் தருவதாகச் சொன்னார். ஆனால் உப்பு ஊறிய பழைய மெல்லிய தகட்டில் ஒட்டு சரியாகப் பிடிக்காது என்பதும், ஓர் ஆணியை ஒட்டும்போது பரவும் சூடு பக்கத்து ஆணிகளைத் தளர்த்திவிடும் என்பதும் நான் விசாரித்து அறிந்த விடயங்கள்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பஸ் பொடி, அதாவது பஸ்ஸின் உடம்பு, கட்டும் வேலைத்தளம் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, உள்ளே இருவர் அலுமினியத் தகடுகளை றிவெற் ஆணி அடித்துப் பொருத்திக்கொண்டிருப்பதைக் கண்டேன். நம் நாட்டு பஸ்களின் உடம்பு முழுவதும் இதே வேலைதான் அல்லவா? அங்கிருந்த மூத்த தொழிலாளியிடம் படங்களைக் காட்டினேன். “ஒட்ட வேணாம் சேர். தளர்ந்த ஆணிய உள்ளுக்கு ஒராள் இரும்புக் கட்டியால அணைச்சிப் பிடிக்க, வெளியால ஒராள் அடிச்சா இறுகிரும். இறுகாததக் கழட்டிட்டுப் புதுசு போடுவம். படகுக்கு, உள்ளுக்குத் துளை இல்லாத ஆணிதான் போட வேணும்” என்றார். கூலியும் பொருளும் சேர்த்து 28,000 ரூபா. பின்பலகையை மாற்றுவதற்கு எங்கள் ஊர்த் தச்சரிடம் கேட்டேன். அவர் முதிரை மரம் போடலாம் என்றார். பாரம் கருதி, நீர் தாங்கும் பிளைவூட் போதும் என்று தீர்மானித்தோம். பூச்சி அரிக்காமல் செம்பு மருந்து ஏற்றிய பலகை மட்டும் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவைத்தேன். அதற்கு 22,000 ரூபா. அடிப்பக்கத்துச் சிவப்பு மையைச் சுரண்டி வேறு பூச்சுப் பூசுவதற்கு 15,000 ரூபாவை மனத்துக்குள் ஒதுக்கினேன்.

பத்திரங்களின் விடயமும் இருந்தது. மீன்பிடிக்கப் பயன்படும் படகு, 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி பதியப்பட்டிருக்க வேண்டும். இதுவோ பயணிகளை ஏற்றிய படகு; மீன்பிடிப் படகாக எங்கும் பதியப்படவில்லை. விற்பவரிடம் இருந்தது, முன்னைய உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு துண்டுக் காகிதம் மாத்திரமே. கடற்றொழில் பரிசோதகரைச் சந்தித்து, வாங்குவதற்கு முன்பே கேட்டு வைத்தேன். உரிமை கைமாறிய வழியைக் காட்டும் கடிதங்கள் வேண்டும், படகை நேரில் பார்க்க வேண்டும் என்றார். எனவே, முன்னைய உரிமையாளரிடமிருந்து சாட்சிக் கையெழுத்துடன் கடிதம் பெற்றுத் தந்தால்தான் பணம் என்று விற்பவரிடம் சொன்னேன். அவர் அதை எடுத்துவர மூன்று வாரம் சென்றது. அந்த மூன்று வாரத்தில் மனம் பலமுறை மாறியது.

உண்மையில், பைபர் படகொன்றையே வாங்குவது புத்தி என்ற முடிவுக்கு நான் ஏறக்குறைய வந்துவிட்டிருந்தேன். பாசி பிடித்தாலும் உப்பில் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை; வெயிலில் காலைச் சுடாது; அலை தட்டும்போது தகரம்போலச் சத்தமிட்டு மீனைக் கலைக்காது. ஓர் இரவு இதை மாமாவிடம் சொன்னபோது அவர் பழைய கேள்வியையே வேறு விதமாகக் கேட்டார்: “மருமகன், நீங்க படகத் தண்ணியில கட்டி வெக்கப் போறீங்களா, கரையில இழுத்து வெக்கப் போறீங்களா?” தனியாக வாழும் வயதானவர்கள் நாங்கள், பைபர் படகைக் கரையேற்ற நாலு பேரைத் தேட வேண்டும், ஆகவே அது தண்ணீரில்தான் கிடக்கும். இந்த அலுமினிய உடம்பையோ, இயந்திரம் இல்லாமல், உருளைக்குற்றி வைத்து நானும் மாமாவும் இழுத்துவிடலாம். ஒவ்வொரு நாளும் கரையேற்றிக் கவிழ்த்து, கிணற்றுத் தண்ணீரால் கழுவி வைத்தால், அதை அரிப்பதற்கு உப்புக்கு நேரம் கிடைக்காது. இரண்டு வருடம் வாவியில் கட்டிக் கிடந்தும் 31 ஆணிகளும் சில குழிகளும் மட்டுமே கெட்டிருந்தன என்பதை நான் அதுவரை படகின் குறையாகவே பார்த்திருந்தேன். அன்றிரவுதான் அது அதன் பலமாகவும் தெரிந்தது.

கடிதம் வந்ததும், இயந்திரம் இல்லாமல் உடம்பு மட்டும் என்ன விலை என்று கேட்டோம். 160,000 என்றார். நான் பேசத் தொடங்குமுன் மாமா என் கையை அழுத்திவிட்டு, வெண்கட்டி வட்டங்கள் இன்னும் அழியாமல் இருந்த அடிப்பக்கத்தை விற்பவருக்குச் சுட்டிக்காட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்தார். விலை 105,000 ரூபாவில் நின்றது. நான் வாங்குவதானால் 110,000 வரை போகலாம் என்று வீட்டில் எழுதி வைத்திருந்ததை மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

பஸ் பொடித் தொழிலாளியும் அவருடைய மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆணிகளை இறுக்கினார்கள்; ஒன்பதைக் கழற்றிப் புதிதாக அடித்தார்கள். ஆழமான இரண்டு குழிகளின் மேலும் உள்ளே சிறு தகடு வைத்துப் பசையுடன் பொருத்தினார்கள். பித்தளை மூடிக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் மூடி. மறுவாரம் அதே ஐந்து குற்றிகளின் மேல் ஏற்றி, அதே அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். நடு இருக்கையின் கீழ் இரண்டு ஆணிகள் இன்னும் வியர்த்தன. அவற்றுக்கு வட்டமிட்டுவிட்டு, பரிசோதகர் பார்வையிட வரும் நாளுக்காகப் படகைப் பூவரச மரத்தின் கீழ் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.