டிடிஎஸ்ஸாகப் பிடித்த முப்பதாயிரம் திரும்பி வந்தது

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மாதம் 25,000 ரூபாய். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வேலை பார்க்கிறோம், லீவுக்கும் அனுமதி கேட்கிறோம். ஆனால் கணக்கில் நாங்கள் ஊழியர்கள் இல்லை, 'கன்சல்டன்ட்'. அதனால் அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில், பணம் தரும்போதே பிடிக்கும் வரியாக (டிடிஎஸ்) மாதாமாதம் 2,500 பிடித்துவிட்டு 22,500தான் வரும். பிஎஃப்பும் கிடையாது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத எங்களிடமிருந்து பத்து சதவீதம் போவது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆண்டுக்கு 30,000 என்பது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

அந்தப் பணத்தைத் திரும்பப் பெற, 2023-24 நிதியாண்டுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது, முதலில் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தேன். நம் பான் எண்ணில் யார் எவ்வளவு வரி கட்டியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த 7,500 அதில் இல்லை. கணக்குப் பிரிவில் கேட்டால் "கட்டியாச்சும்மா" என்றார்கள். கட்டினால் மட்டும் போதாது. மருத்துவமனை போடும் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்னில் நம் பான் எண்ணோடு அந்தத் தொகை ஏற வேண்டும். கடைசிக் காலாண்டுக்கு அதற்குக் கெடு மே 31. என் பான் எண்ணில் ஒரு எழுத்து மாறிப் பதிவாகியிருந்தது. பான் அட்டை நகலையும் மூன்று மாத ரசீதுகளையும் இணைத்துக் கடிதமாகக் கொடுத்த பிறகுதான் திருத்த ரிட்டர்ன் போட்டார்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டவரை ஒன்றும் நகரவில்லை.

அடுத்தது வங்கிக் கணக்கு. தளத்தில் கணக்கை முன்கூட்டியே சரிபார்க்காவிட்டால் பணம் வராது. பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, பாஸ்புக்கில் வெறும் இனிஷியல். பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டது. நம்மூரில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் வரும். கிளையில் பான் நகல் கொடுத்துப் பெயரை மாற்றிய பின் சரியானது.

இவற்றோடு ஒப்பிட்டால் ரிட்டர்ன் போடுவது எளிது. கணக்கில் இது சம்பளம் இல்லை என்பதால் ஐடிஆர்-1 படிவம் ஆகாது, ஐடிஆர்-4 படிவம்தான். அப்போதைய 44ஏடிஏ பிரிவில் என்னைப் போன்ற தொழில் செய்பவர்கள் வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். மூன்று லட்சத்தில் ஒன்றரை லட்சம், ஆக வரி பூஜ்யம். ஜூலை 31 கெடுவுக்கு முன்பே போட்டு, ஆதார் ஓடிபியில் சரிபார்த்தேன். அதற்கு 30 நாள்தான் அவகாசம். அதைத் தாண்டினால் சரிபார்த்த தேதியில்தான் ரிட்டர்ன் போட்டதாகக் கணக்கு; சரிபார்க்கவே இல்லையென்றால் போட்டதாகவே வராது.

காத்திருந்த நாட்களில் 'உங்கள் ரீஃபண்ட் தயார், லிங்க்கை அழுத்தவும்' என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். நிலவரத்தைத் தளத்துக்குள் போய் மட்டும் பாருங்கள்.

ஆகஸ்டில் 30,750 வந்தது. அந்த 750, ஏப்ரலில் இருந்து மாதத்துக்கு அரை சதவீதம் என்ற கணக்கில் ஐந்து மாத வட்டி. அதை அடுத்த ஆண்டு வருமானத்தில் காட்ட வேண்டும்.

அப்புறம், வங்கி வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று அப்போது கொடுத்த 15ஜி படிவம் இந்தப் பிடித்தத்துக்குச் செல்லாது. அப்போதைய 197 பிரிவின் கீழ் வருமான வரித் துறையிடம் படிவம் 13 போட்டு, பிடிக்க வேண்டாம் என்ற சான்றிதழ் வாங்க முடிந்தது. என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு சேர்ந்து அதற்கு விண்ணப்பித்தேன்.