1806-ஐ எப்படி நடத்துவது?

வரலாறு டியூஷனில் ஆண்டுகளை ஒப்பிக்க வைப்பது எளிது. ஆனால் பரீட்சையில் ‘காரணங்களை விவரி’ என்று கேட்டால் பிள்ளைகள் திணறிவிடுவார்கள். 1806-இல் வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் தலைப்பாகை என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிடுவார்கள், பாதி மதிப்பெண் அங்கேயே போய்விடும்.

நான் 1799-இல் தொடங்குவேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் மன்னர் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். இதைப் பலகையின் இடது ஓரத்தில் எழுதி, வலது ஓரத்தில் கிளர்ச்சி வெடித்த நாளான 1806 ஜூலை 10-ஐ எழுதுங்கள். நடுவில் காலியாக விட்டுவிட்டு, “சிப்பாய்க்கு என்ன கோபம்?” என்று கேளுங்கள். புதிய தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகளை ஒவ்வொன்றாக அவர்களே சொல்லட்டும். எது யார் மனதைப் புண்படுத்தியது என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் ஏன் சேர்ந்து எழுந்தார்கள் என்பது அப்போது தானாகவே விளங்கும்.

அடுத்து வரைபடம். கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்த வழியை விரலால் காட்டச் சொல்லுங்கள். இரண்டு ஊருக்கும் உள்ள தூரம் குறைவு என்று தெரிந்தால், கிளர்ச்சி ஒரே நாளில் அடங்கியது ஏன் என்று புரியும்.

விளைவுகளைச் சுருக்கமாக முடிக்கலாம்: உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன, சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் பெண்டிங் திருப்பி அழைக்கப்பட்டார், திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

திருத்தும்போது காரணத்தையும் விளைவையும் ஒரே பத்தியில் குழப்பியிருந்தால் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். பிரித்து மறுபடி எழுதச் சொல்லுங்கள்.