ரோட்டிஃபருக்குப் பச்சைத் தண்ணீர்: கடலோர வீட்டில் நுண்பாசி வளர்ப்பு

நெமோ (கோமாளி மீன்) ஜோடி முட்டை போட்ட பிறகு பாசி வளர்க்கத் தொடங்கினால் நாள் போதாது. முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சின் வாய்க்குள் ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) நுழையாது, ரோட்டிஃபர் என்னும் அதைவிட நுண்ணிய உயிர்தான் போகும். அந்த ரோட்டிஃபருக்குத் தீனி நுண்பாசி. ஈஸ்ட் கொடுத்தும் ரோட்டிஃபரைப் பெருக்கலாம், ஆனால் தண்ணீர் சீக்கிரம் கெடும், குஞ்சுக்கு வேண்டிய கொழுப்புச் சத்தும் ஈஸ்டில் கிடையாது. அதனால் முதலில் பாசியை நிலைநிறுத்த வேண்டும், அடுத்து ரோட்டிஃபர், ஜோடி மீன் அதற்குப் பிறகு.

மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கம் இருப்பவர்களுக்கு உப்புத் தண்ணீர் வாசலிலேயே கிடைக்கிறது. கடலிலிருந்து தள்ளி இருப்பவர்கள் பாக்கெட் உப்பு வாங்கிக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வசதிக்கு ஈடாக இங்கே சூடு இருக்கிறது. இங்கு கெட்டுப்போகும் பாட்டில்களில் பாதி சூட்டால் போகிறது, மீதி ரோட்டிஃபர் நுழைந்து போகிறது. உரம் குறைந்து கெட்டது என்பது அபூர்வம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்பதெல்லாம் உரத்தைப் பற்றித்தான்.

எந்தப் பாசி என்றால், வீட்டுக்கு நானோகுளோராப்சிஸ். 2 முதல் 4 மைக்ரான் அளவு, உப்பளவு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தாங்கும், காற்று சில மணி நேரம் நின்றாலும் அடியில் போய் உட்காராது. இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அதிகம். (பச்சையாக இருந்தாலும் தாவரவியல்படி இது பச்சைப்பாசி வகுப்பில் சேராது, பச்சையம் பி இதில் இல்லை. ரோட்டிஃபருக்கு அந்தக் கவலை கிடையாது.) கடல் குளோரெல்லாவும் இதேபோல் வளரும். டெட்ராசெல்மிஸ் பெரிய செல், நீந்தும், கோபிபாடு என்ற சிற்றுயிருக்கு நல்லது. ஐசோகிரைசிஸில் டிஹெச்ஏ என்ற இன்னொரு ஒமேகா-3 கொழுப்பு அதிகம், ஆனால் கைவராதவர்களுக்கு அது வேண்டாம்.

விதைப் பாசியை எங்காவது சுத்தமான கல்ச்சரிலிருந்துதான் (வளர்ப்பிலிருந்துதான்) எடுக்க வேண்டும். மண்டபம் முகாமில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் நுண்பாசி வளர்ப்புக்கூடம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். கடல் பச்சையாகத் தெரியும் நாளில் ஒரு வாளி மொண்டு வந்து விதையாக வைக்க நினைப்பவர்கள் உண்டு. அது கூடவே கூடாது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடா பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். ரோட்டிஃபருக்குத் தீனியாவதற்குப் பதில் தண்ணீரின் உயிர்வளியை வாங்கிவிடும் சாமான் அது.

தண்ணீர் எடுப்பதற்கு இந்தக் கரையில் ஒரு சௌகரியம் உண்டு. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடந்தால் வடகடல் (பாக் விரிகுடா) அமைதியாக இருக்கும். வாடைக்காற்றில் அது அப்படியே மாறும். எது தெளிவாக இருக்கிறதோ அங்கே எடுக்கலாம். படகு கட்டும் இடம், இறால் பண்ணை வடிகால், மழை வெள்ளம் இறங்கும் முகத்துவாரம் மூன்றையும் தவிர்க்க வேண்டும். டீசல் படலம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பாசி சொல்லிவிடும், இரண்டு நாளில் வெளுக்கும். எடுத்த தண்ணீரை நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, முடிந்தால் 1 மைக்ரான் பையிலும் விட்டு, மூடிய கேனில் இருட்டில் ஒரு வாரம் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேல் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்தால் நான்கு பங்கு கடல்நீருக்கு ஒரு பங்கு நல்ல தண்ணீர் சேர்த்தால் 28 வரும். நல்ல தண்ணீர் என்றால் கேன் ஆர்ஓ தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர். நம் பக்கத்துப் போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து உரத்தின் பாஸ்பேட்டைப் பிடித்து வெள்ளைப் பொடியாக அடியில் இறக்கிவிடும். காற்று ஓட ஓட தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும் என்பதால் பாட்டிலில் மார்க்கர் கோடு போட்டு வைத்து, இறங்கிய அளவுக்குக் காய்ச்சி ஆறவைத்த ஆர்ஓ தண்ணீர் மட்டும் சேர்க்க வேண்டும்.

சுத்திகரிப்பு இரண்டு வகை. விதைப் பாட்டிலுக்கு எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சிய தண்ணீர். அலுமினியப் பாத்திரத்தை உப்பு தின்றுவிடும். தளதளவென்று நெடுநேரம் கொதிக்கவிட்டால் வெள்ளையாகத் திரியும், அதனால் ஆவி பறக்கும் சூட்டில் அரை மணி நேரம் வைத்து, மூடி, இரவு முழுக்க ஆறவிடுவது நல்லது.

20 லிட்டர் கேனுக்கு ப்ளீச்சிங் பவுடர். நல்ல பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருக்கும். 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) வேண்டுமென்றால் 20 லிட்டருக்கு சுமார் 0.7 கிராம். இதை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், மூக்கைத் துளைக்காத பவுடரை நம்பக் கூடாது. இரவு காற்று இல்லாமல் வைத்துவிட்டு, மறுநாள் வெயில் படும் இடத்தில் வேகமாகக் காற்று ஓட்டினால் பெரும்பகுதி போய்விடும். மீதியை ஓடிஓ என்ற குளோரின் சோதனைச் சொட்டு மருந்து காட்டிக்கொடுக்கும், மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. குளோரினை முறிக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) 10 கிராமை 100 மில்லியில் கரைத்து வைத்துக்கொண்டு, கேனில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, ஒவ்வொரு முறையும் சின்னக் குழாயில் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, மஞ்சள் வராதபோது நிறுத்த வேண்டும். ஓடிஓ விட்டுப் பார்த்த தண்ணீரைத் திரும்பக் கேனில் ஊற்றக் கூடாது, அது விஷம். குளோரின் முழுதும் போகும் முன்பே அமோனியா உரம் போட்டால் இரண்டும் சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அது காற்று ஓட்டினாலும் சுலபத்தில் போகாது, விதை ஊற்றிய மறுநாளே பாசி வெளுப்பதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான்.

உரத்தில் மலிவான வழி, குஞ்சுப் பொரிப்பகங்கள் வெளித் தொட்டிக்குப் போடும் கணக்கு: ஆயிரம் லிட்டருக்கு அமோனியம் சல்பேட் 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 10 கிராம், யூரியா 10 கிராம். வீட்டில் 20 லிட்டர் கேனுக்கு வேண்டிய 0.2 கிராம் யூரியாவை யாரும் நிறுக்க முடியாது. அதனால் மூன்றையும் இதே அளவில் ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி பாட்டிலில் வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் கல்ச்சருக்கு ஒரு மில்லி என்று கணக்கு சுலபமாகிவிடும். அடியில் தங்கும் சாம்பல் கசடு சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள ஜிப்சம், கொட்டிவிடலாம்.

இந்த உரத்தில் ஓர் ஆபத்து உண்டு. போட்ட அன்று ஒரு லிட்டரில் 21 மில்லிகிராம் அமோனிய நைட்ரஜன் இருக்கும். பாசி வளர வளர தண்ணீரின் பிஹெச் 9-ஐத் தொடும், அந்த நிலையில் மிச்ச அமோனியம் விஷ அமோனியாவாக மாறும். ரோட்டிஃபரே செத்துப்போகும், குஞ்சுத் தொட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விதைப் பாட்டிலுக்கும் குஞ்சுத் தொட்டியில் நேராக ஊற்றும் பாசிக்கும் நைட்ரேட் உரமே சரி. அப்படி ஒரு நைட்ரேட் உரம் எஃப்-பை-2. அது ஆய்வாளர்கள் கில்லார்டும் ரைதரும் 1962-ல் வகுத்த எஃப் கலவையின் பாதி அளவு. ஒரு லிட்டரில் சோடியம் நைட்ரேட் 75 கிராம் கரைத்தது ஒரு பாட்டில், சோடியம் பாஸ்பேட் 5 கிராம் கரைத்தது ஒரு பாட்டில், நுண்ணுலோகக் கலவை ஒன்று, பி1, பி12, பயோட்டின் சேர்ந்த வைட்டமின் கலவை ஒன்று. நுண்ணுலோகமும் வைட்டமினும் தயாராக வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி. வைட்டமின் சூட்டில் கெடும், காய்ச்சிய தண்ணீர் நன்றாக ஆறிய பிறகே விட வேண்டும், பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். செட்டில் ஐந்தாவதாக சிலிக்கேட் பாட்டில் வந்தால் தொடாதீர்கள். நானோவுக்கு அது தேவையில்லை, சுவரில் ஒட்டும் டயாட்டம் என்ற பழுப்புப் பாசிக்குத்தான் அது விருந்து.

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு லிட்டர் கூல்ட்ரிங்க் பாட்டில்கள், சின்ன ஏர் பம்ப், பாட்டிலுக்கு ஒரு கண்ட்ரோல் வால்வ், அடிவரை போகும் கெட்டியான குழாய். ஏர் ஸ்டோன் வேண்டாம். பொடிக் குமிழ் வெடித்து உப்புத் தூறல் பறக்கும், கல்லின் துளைக்குள் அழுக்கு தங்கும், கழுவவும் முடியாது. வினாடிக்கு இரண்டு மூன்று பெரிய குமிழ் போதும், பாசி அடியில் தங்காமல் புரண்டுகொண்டிருந்தால் சரி. குழாயின் நடுவில் பஞ்சு அடைத்தால் பம்ப் இழுக்கும் தூசி பாட்டிலுக்குப் போகாது. மூடியில் குழாய் போகும் துளை போக இன்னொரு சின்னத் துளை போட்டு அதையும் பஞ்சால் அடைக்க வேண்டும். கரண்ட் போனால் தண்ணீர் குழாய் வழியே பின்னால் ஏறி பம்பில் இறங்கும், எனவே பம்பை பாட்டிலுக்கு மேல் அலமாரியில் வைக்க வேண்டும். உப்புக் காற்றில் செக் வால்வ் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

விளக்கு 20 வாட் எல்இடி டியூப், வெள்ளை வெளிச்சம் 6500 கே. பாட்டிலிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரிய வேண்டும், அதை மாலை 6-க்குத் தொடங்கி காலை 10-க்கு அணையும்படி டைமரில் வையுங்கள். விளக்கின் சூடு இரவின் குளிர்ச்சியில் கழிந்துவிடும், உச்சி வெயில் நேரத்தில் பாட்டில் இருட்டில் ஓய்வெடுக்கும். சித்திரை, வைகாசியில் இந்த ஒரு மாற்றமே கல்ச்சரைக் காப்பாற்றியிருக்கிறது. நானோவுக்கு 24 முதல் 28 டிகிரி சுகம், 32-க்கு மேல் தொடர்ந்து போனால் சோர்ந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பாட்டில்களைத் தரையில், தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் நிற்கவைத்து, ஈரத்துண்டு சுற்றி, துண்டின் நுனி தாம்பாளத் தண்ணீரில் தொங்க, மின்விசிறி விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். துண்டை விளக்குப் படும் பக்கம் விட்டுச் சுற்றுங்கள். மொட்டை மாடி வெயிலில் இரண்டு லிட்டர் பாட்டிலை வைத்தால் ஒரே பிற்பகலில் வெந்துவிடும்.

விதை ஒரு பங்குக்குப் புதுத் தண்ணீர் மூன்று அல்லது நான்கு பங்கு. விதையைச் சிக்கனமாக ஊற்றினால் பாசி எழுவதற்குள் வேறேதாவது எழுந்துவிடும். முதல் ஓரிரு நாள் மாற்றமே தெரியாது, உரம் போதவில்லை என்று மேலும் போட்டுவிடாதீர்கள். ஐந்திலிருந்து எட்டு நாளுக்குள் இளம்பச்சை கரும்பச்சையாகும். அளப்பதற்கு மெல்லிய குச்சியின் நுனியில் வெள்ளைப் பாட்டில் மூடியை ஒட்டி, அதன் மேல் கறுப்புக் கூட்டல் குறி போட்டு, கொதிநீரில் அலசி, மேலிருந்து மெதுவாக இறக்க வேண்டும். குறி மறையும் இடத்தில் குச்சியை விரலால் பிடித்து வெளியே எடுத்து அளந்தால், 10 சென்டிமீட்டர் என்றால் இன்னும் காத்திருக்கலாம், 3-க்குள் வந்தால் அறுவடை. அதற்கு மேல் வைத்தால் வெளிச்சம் உள்ளே இறங்காமல் பாசி தன் நிழலிலேயே மடியத் தொடங்கும். பாதியை எடுத்துக்கொண்டு, அதே அளவு புதுத் தண்ணீர் ஊற்றி, அந்தப் புதுத் தண்ணீருக்கு மட்டும் உரம் போட வேண்டும். இப்படி மூன்று நான்கு முறைதான். பிறகு பாட்டிலைக் கழுவி விதையிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

கெட்டுப்போவதை நிறமே சொல்லும். பச்சை மெல்ல மஞ்சளித்தால் நைட்ரஜன் தீர்ந்திருக்கிறது, உரம் போட்டால் இரண்டு நாளில் திரும்பும். மேலே தெளிந்து அடியில் பச்சைச் சேறு இறங்கினால் சூடு, அல்லது காற்று நின்றுபோனது. மேலே நுரை கட்டி நாற்றம் வந்தால் பாக்டீரியா, கொட்டிவிட வேண்டியதுதான். சுவரில் வழவழப்பான நீலப்பச்சைப் படலம் வந்தாலும் அதே முடிவு.

ரோட்டிஃபர் நுழைந்தால் நேற்று கரும்பச்சையாக இருந்த பாட்டில் இன்று காலை வெளிறி நிற்கும். பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் ஊசி நுனி அளவு வெள்ளைப் புள்ளிகள் குலுங்கிக் குலுங்கி மிதக்கும். அந்தப் பாட்டிலைக் காப்பாற்றுவதை மறந்துவிட்டு நேராக ரோட்டிஃபர் தொட்டியில் கொட்டிவிடுங்கள், வீணாகாது. பிறகு பாட்டிலையும் குழாயையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். ரோட்டிஃபரின் உறக்க முட்டை காய்ந்தாலும் சாகாது, ப்ளீச்சுக்கும் சுலபத்தில் அசையாது. ஒரே மக், ஒரே ஈரக் கை, பக்கத்துத் தொட்டியில் தெறிக்கும் குமிழ், ஏதாவது ஒன்று போதும் அது வந்து சேர. பாசி ஓர் அறையிலும் ரோட்டிஃபர் வேறு அறையிலும் இருக்கட்டும். காலையில் பாசி வேலையை முடித்துவிட்டுத்தான் ரோட்டிஃபர் பக்கம் போக வேண்டும். அன்று திரும்பவும் பாசிப் பாட்டிலைத் தொடாமலிருந்தால் இன்னும் நல்லது.

ரோட்டிஃபர் தொட்டியில் தண்ணீர் தெளியும் நேரம் பார்த்துப் பாசி ஊற்றினால் போதும். குஞ்சுத் தொட்டியில் அடித்தளம் மங்கலாகத் தெரியும் அளவு பச்சை இருக்கட்டும். ரோட்டிஃபர் பட்டினி கிடக்காது, வெளிச்சமும் மட்டுப்பட்டு குஞ்சு பதறாமல் இரை தேடும். சிப்பி, குழாய்ப்புழு வைத்திருக்கும் 100 லிட்டர் தொட்டிக்கு நைட்ரேட் உரத்தில் வளர்ந்த பாசி தினம் 10 மில்லியில் தொடங்கலாம். ஸ்கிம்மரை (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) ஒரு மணி நேரம் அணைத்து வைக்காவிட்டால் ஊற்றியதெல்லாம் நுரையோடு வெளியே போய்விடும்.

விதைப் பாட்டில்கள் எப்போதும் இரண்டு இருக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு இடத்தில். தீனிக்கு எடுக்கும் பாட்டிலிலிருந்து விதைக்குத் திரும்ப ஒரு சொட்டும் போகக் கூடாது. கூடவே 250 மில்லி பாட்டிலில் முக்கால்வாசி ஊற்றி, மூடியை லேசாகத் திருகி ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை குலுக்கினால் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஃப்ரீசர் பக்கம் போனால் செத்துப்போகும். வெளியே எடுத்ததும் நேராக விளக்கடியில் வைக்கக் கூடாது. இரண்டு நாள் வெயில் படாத ஜன்னலோரத்தில் வைத்து, பிறகு அரை லிட்டராக்கி, அது கறுத்த பிறகே இரண்டு லிட்டருக்கு ஏற்ற வேண்டும்.